உம்மம்மாவின் கிளாசுக்கு வயதென்ன?

உங்கள் வீட்டு ஹோலில் ஒரு கண்ணாடி அலுமாரி இருக்கின்றதா? அதன் மேல் தட்டில் பெருநாளைக்கு மட்டும் வெளியே வரும் நாலைந்து கிளாஸ்கள் இருக்கும். பூ வெட்டியவை, பொன் விளிம்பு போட்டவை, காலும் தண்டும் உள்ளவை, செம்மஞ்சள் நிறத்தில் மயில் கழுத்துப் போல மின்னுபவை என்று பல விதம். பிள்ளைகள் கிட்டப் போனால், “தொடாதே, உம்மம்மா காலத்துச் சாமான்” என்று அதட்டுகின்றோம். அந்த உம்மம்மா காலம் எந்தக் காலம்? ஐம்பது வருடமா, நூறு வருடமா?

‘மௌலவிக்கும் கிளாசுக்கும் என்ன சம்பந்தம்’ என்று நீங்கள் கேட்கலாம். நான் பதுளையில் அரபு கற்பிப்பவன். ஆனால் என் வாப்பா பதுளை பஸாரில் பழைய சாமான் கடை வைத்திருந்தவர். பாடசாலை விடுமுறை என்றால் கிளாஸ் கழுவித் துடைத்து அடுக்கும் வேலை எனக்கு. எது மெஷினில் செய்தது, எது மனிதன் ஊதியது என்பதை வாப்பா கையில் தந்தே சொல்லிக் கொடுத்தார். இது தெரிந்த பெண்கள் மார்க்க விஷயம் கேட்க வரும்போது சேலைத் தலைப்புக்குள் ஒரு கிளாசையும் மறைத்துக் கொண்டு வருவார்கள். கேட்பது மூன்று கேள்விகள். ‘இது பழையதா? விற்றால் என்ன நியாயம்? இதில் குடிக்கலாமா?’ முதல் கேள்விக்கு விடை தெரியாமல் மற்ற இரண்டுக்கும் சரியான பதில் சொல்ல முடியாது. ஆகவே மூன்றையும் சேர்த்தே இங்கு எழுதுகின்றேன்.

எந்த வழியாக வந்தன?

ஊவாவில் நம் வீடுகளுக்கு இந்தச் சாமான்கள் மூன்று வழியாக வந்தன.

முதல் வழி துரைமார் பங்களா. 1869ல் தொடங்கிய இலைநோயில் கோப்பித் தோட்டங்கள் அழிந்து போக, மலைகளில் தேயிலை ஏறியது. 1890ல் தோமஸ் லிப்டன் அப்புத்தளைப் பக்கம் தோட்டங்கள் வாங்கினார். அவரைப் போல வந்த துரைமார் ஒவ்வொருவர் பங்களாவிலும் சீமையிலிருந்து வந்த கிளாஸ்கள் இருந்தன. ரயில் பதுளை வரை வந்தது 1924ல்தான். அதற்கு முன் உடையும் சாமான்களும் மலைப் பாதையில் கரத்தையில்தான் ஏறின. பிறகு 1972ல் காணிச் சீர்திருத்தச் சட்டம் வந்தது. 1975ல் கம்பெனித் தோட்டங்களையும் அரசாங்கம் எடுத்தது. துரைமார் புறப்பட்ட போது பங்களாச் சாமான்கள் சில ஏலத்துக்கு வந்தன, சில ஆயாமாருக்கும் சமையல் அப்புமாருக்கும் அன்பளிப்பாய்ப் போயின. ஏலத்தில் எடுத்தவர்களில் நம் வியாபாரிகளும் உண்டு. என் வாப்பாவின் கடைக்கு முதல் சரக்கு வந்ததும் அப்படித்தான்.

இரண்டாவது வழி பஸார். தோட்டத்தில் சம்பள நாள் என்றால் பொட்டணி வியாபாரிகள் துணியோடு கண்ணாடிச் சாமானும் கொண்டு போவார்கள். இந்தியச் சரக்கு, ஜப்பான் சரக்கு, ஐரோப்பியச் சரக்கு எல்லாம் அதில் இருக்கும்.

மூன்றாவது வழி வெளிநாட்டு உழைப்பு. 1977ல் இறக்குமதி திறந்து விடப்பட்ட பிறகு கடைகளில் புதுச் சரக்கு குவிந்தது. அதே காலத்தில் அரபு நாடுகளுக்கு வேலைக்குப் போன நம் சகோதரிகள் பெட்டியின் நடுவில், உடுப்புகளுக்கு இடையே கிளாஸ் வைத்துக் கொண்டு வந்தார்கள்.

ஆக, ஒரே தட்டில் 1890களின் சீமைக் கிளாசும், 1950களின் ஜப்பான் கிளாசும், 1980களின் பிரான்ஸ் கிளாசும் பக்கத்தில் பக்கத்தில் நிற்கும். பிள்ளைகளுக்கு எல்லாமே உம்மம்மா காலம்.

கதையும் சாட்சியும்

அரபுக் கல்லூரியில் ஹதீஸ் பாடம் தொடங்கும் போது உஸ்தாத் முதலில் சொல்லித் தருவது, ஒரு செய்தியில் ‘மத்ன்’ என்றும் ‘சனது’ என்றும் இரண்டு உண்டு என்பதை. சொல்லப்படும் விஷயம் மத்ன். யார் யாரிடம் கேட்டுச் சொன்னார் என்ற தொடர் சனது. தொடர் அறுந்திருந்தால் செய்தி எவ்வளவு அழகாக இருந்தாலும் நிறுத்தி விசாரிப்பார்கள்.

கிளாஸ்களுக்கும் அப்படித்தான். ‘இது விக்டோரியா மகாராணி காலத்துக் கிளாஸ்’ என்பது மத்ன். உங்களுக்கு யார் சொன்னது? உம்மம்மா. அவருக்கு? அவருடைய மாமி. மாமிக்கு? அங்கே தொடர் நின்று விடும். நின்ற இடத்தில் கிளாசையே சாட்சிக்கு அழைக்க வேண்டும்.

ஒரு உலகப் புகழ் பெற்ற உதாரணம் சொல்கின்றேன். இங்கிலாந்தின் வடக்கே ஈடன் ஹோல் என்ற மாளிகையில் மஸ்கிரேவ் குடும்பத்தார் ஒரு கண்ணாடிக் குவளையைத் தலைமுறை தலைமுறையாகப் பாதுகாத்து வந்தார்கள். கிணற்றடியில் கூடிய தேவதைகள் விட்டுப் போனது என்றும், அது உடைந்தால் குடும்பத்தின் பாக்கியமே போய்விடும் என்றும் கதை இருந்தது. அறிஞர்கள் குவளையை ஆராய்ந்தார்கள். அதன் எனாமல் வேலையும் பொன் பூச்சும், 14ஆம் நூற்றாண்டில் சிரியாவிலோ எகிப்திலோ இருந்த கைவினைஞர் செய்தது என்று காட்டின. டமாஸ்கஸிலும் கெய்ரோவிலும் பள்ளிவாசல்களுக்கு எனாமல் விளக்குகள் செய்த அதே காலம், அதே கைத்திறன்! 1934ல் அந்த மாளிகை இடிக்கப்பட்டது. குவளை உடையவில்லை. இன்று அது லண்டனில் விக்டோரியா அல்பர்ட் நூதனசாலையில் இருக்கின்றது. தேவதைக் கதை போன பிறகு அந்தக் குவளையின் மதிப்புக் கூடியதே தவிரக் குறையவில்லை. உங்கள் கிளாசை விசாரிக்கவும் நீங்கள் பயப்பட வேண்டியதில்லை.

அடியைப் பாருங்கள்

கிளாசைக் கவிழ்த்து அடியைப் பாருங்கள். முதல் சாட்சி அங்கேதான்.

கையால் செய்பவர் உருகிய கண்ணாடியைக் குழாய் நுனியில் எடுத்து ஊதுவார். பிறகு அடியில் ஒரு இரும்புக் கம்பியை ஒட்டிப் பிடித்துக் கொண்டு வாய்ப் பக்கத்தைச் சூட்டில் சரி செய்வார். கடைசியில் கம்பியை முறித்து எடுப்பார். முறித்த இடத்தில் ஒரு வடு இருக்கும். குழந்தையின் தொப்புள் போல என்று வாப்பா சொல்வார். சில கிளாஸ்களில் அது சுரசுரப்பாக அப்படியே இருக்கும். நல்ல வேலை என்றால் அதைத் தேய்த்து, பெருவிரல் அழுத்தியது போல வழவழப்பான குழியாக்கி இருப்பார்கள். இந்தத் தொப்புள் இருந்தால் அது கைவேலை என்று பெரும்பாலும் நம்பலாம்.

அவசரப்பட்டு விடாதீர்கள். கையால் ஊதும் பட்டறைகள் இன்றும் உலகில் இருக்கின்றன. ஆகவே இரண்டாவது சாட்சி வேண்டும். அது தேய்மானம். நூறு வருடம் தட்டில் வைத்து எடுத்த கிளாசின் அடி விளிம்பில் மெல்லிய கீறல்கள் எல்லாத் திசையிலும் தாறுமாறாக ஓடியிருக்கும். விரலுக்கு லேசான மங்கல் தெரியும். மேசையில் படாத நடுப் பகுதியில் கீறல் இருக்காது. பழசாகக் காட்டுவதற்கு உப்புத்தாளால் தேய்த்தவர்களும் உண்டு. அவர்கள் போட்ட கோடுகள் ஒரே பக்கமாக வரிசையாக நிற்கும். தேய்க்க வேண்டாத இடத்திலும் தேய்த்திருப்பார்கள்.

‘உள்ளே காற்றுக் குமிழ் இருக்கின்றது, ஆகவே பழையது’ என்று பலர் சொல்கின்றார்கள். குமிழ் பழைய கண்ணாடியிலும் வரும், நேற்றுச் செய்த மலிவுக் கண்ணாடியிலும் வரும். அந்தச் சாட்சியை மட்டும் வைத்துத் தீர்ப்புச் சொல்லக் கூடாது.

விரலால் தடவுங்கள்

இனிப் பூ வேலை. கண்ணை மூடிக் கொண்டு விரல் நுனியால் தடவுங்கள். சுற்றும் சக்கரத்தில் வைத்து வெட்டிய பூ என்றால் ஓரங்கள் கூர்மையாக விரலில் படும். ஒரு இதழ் சற்று நீளம், மற்றது சற்றுக் கட்டை என்று மனிதக் கையின் வித்தியாசம் தெரியும். அச்சில் அழுத்திச் செய்த பூ மழுங்கி, சவர்க்காரக் கட்டியின் ஓரம் போல இருக்கும். எல்லா இதழும் அச்சொட்டாக ஒன்றாகவே இருக்கும்.

அச்சுக் கிளாசில் இன்னொரு அடையாளம் உண்டு. மேலிருந்து கீழாக மெல்லிய தையல் கோடுகள் தெரியும். அச்சு இரண்டு மூன்று துண்டுகளாகத் திறக்கும் இடம் அது. இப்படி அழுத்திச் செய்யும் முறை 1820களில் அமெரிக்காவில் வளர்ந்து பிறகு இங்கிலாந்துக்கும் பரவியது. ஆகவே அச்சு என்றதும் புதுசு என்று தள்ளி விடாதீர்கள். நூற்றைம்பது வருட அச்சுக் கிளாசும் உண்டு.

உள்ளேயும் ஒரு விரலை விட்டுப் பாருங்கள். வெளியே மேடாக இருக்கும் இடம் உள்ளே பள்ளமாக இருந்தால், அது அச்சுக்குள் வைத்து ஊதியது. வெளியே பூ இருந்தும் உள்ளே வழவழப்பாக இருந்தால் அழுத்தியதாகவோ வெட்டியதாகவோ இருக்கும்.

கடைசியாக வாய் விளிம்பு. பழைய கைவேலைக் கிளாசில் அது சூட்டில் உருண்டு மெதுவாக இருக்கும். தட்டையாகவும் கூராகவும் இருந்தால், எப்போதோ சில்லு உடைந்து, யாரோ தேய்த்துச் சரி செய்திருக்கக் கூடும். மற்றக் கிளாஸ்களோடு வைத்து உயரம் பாருங்கள். தேய்த்தது கட்டையாக நிற்கும்.

எழுத்தும் முத்திரையும்

சில கிளாஸ்கள் தாமாகவே பேசும். அடியிலோ பக்கத்திலோ வைர வடிவில் ஒரு சிறு முத்திரை இருந்தால், அது 1842 முதல் 1883 வரை பிரித்தானியாவில் வடிவமைப்பைப் பதிவு செய்த அடையாளம். மேலே உள்ள வட்டத்தில் ரோமன் மூன்று இருந்தால் கண்ணாடி வகை. 1867 வரை வருட எழுத்து மேல் முனையிலும், 1868 முதல் வலது முனையிலும் இருக்கும். 1884 முதல் முத்திரைக்குப் பதிலாக இலக்கம் வந்தது. ஒன்றில் தொடங்கிய அந்த இலக்கம் 1900ல் மூன்றரை இலட்சத்தைத் தாண்டி விட்டது. அது வடிவம் பதிவான நாள் என்பதையும் நினைவில் வையுங்கள். அதே வடிவத்தில் பல வருடம் கிளாஸ் வார்த்திருப்பார்கள். மயில் தலை முத்திரை கண்டால் அது 1876 முதல் இங்கிலாந்தின் கேட்ஸ்ஹெட் ஊர் சோவர்பி கம்பெனி இட்ட அடையாளம்.

நாட்டின் பெயரும் காலம் சொல்லும். செக்கோஸ்லோவாக்கியா என்ற நாடு 1918 முதல் 1992 வரைதான் இருந்தது. மேற்கு ஜெர்மனி 1949 முதல் 1990 வரை. ‘ஆக்கிரமிக்கப்பட்ட ஜப்பான்’ என்று ஆங்கிலத்தில் இருந்தால் 1952க்குப் பிந்தியதாக இருக்க முடியாது. நம் நாட்டின் பெயரும் 1972ல்தானே சிலோனிலிருந்து ஸ்ரீலங்கா ஆனது! எழுத்து இல்லாத சாமானில் கிழிந்த ஒரு காகித லேபல் ஒட்டியிருந்தால் அதைச் சுரண்டி எடுத்து விடாதீர்கள். அதுதான் அதன் பிறப்புச் சான்றிதழ்.

மயில் கழுத்துப் போல மின்னும் செம்மஞ்சள் தம்ளர்கள் சில வீடுகளில் உண்டு. சூடான கண்ணாடி மீது உலோக உப்பைத் தெளித்து அந்த மினுக்கத்தை வரவழைப்பார்கள். அமெரிக்காவில் 1907ல் இந்த அச்சுக் கண்ணாடி தொடங்கியது. இந்தியாவில் பிரோசாபாத் ஊரில் 1930களிலிருந்து செய்தார்கள். வளையலுக்குப் பேர் போன அதே பிரோசாபாத்தான். என் கைக்கு வந்த ஒன்றின் அடியில் ‘ஜைன்’ என்று ஆங்கில எழுத்தில் இருந்தது. அது அங்கிருந்த ஒரு தொழிற்சாலையின் பெயர். கொண்டு வந்த அம்மா அதைச் சீமைச் சரக்கு என்று நினைத்திருந்தார். வெளிநாடுகளில் இந்தக் கண்ணாடியைத் தேடிச் சேகரிப்பவர்கள் இருக்கின்றார்கள் என்று சொன்னதும் அவர் முகம் மலர்ந்தது.

அரபு நாட்டிலிருந்து வந்த டூரலெக்ஸ் கிளாசின் அடியில் ஒரு இலக்கம் இருக்கும். பிள்ளைகள் அதை ‘உன் வயசு, என் வயசு’ என்று சொல்லி விளையாடுவார்கள். பெரியவர்களும் அதை வருடம் என்று நினைப்பதுண்டு. அது அச்சின் இலக்கம் மட்டுமே. பக்கம் பக்கமாகச் சரிந்த பட்டைகள் கொண்ட பிகார்டி என்ற வடிவம் 1954ல் வந்தது. உடைந்தால் கற்கண்டுத் துகள் போலச் சிறு சிறு துண்டுகளாவது இந்தப் பதப்படுத்திய கண்ணாடியின் குணம்.

ஓசையும் வெளிச்சமும்

காலுள்ள கிளாசைத் தண்டில் பிடித்து, விளிம்பில் நகத்தால் மெதுவாகச் சுண்டுங்கள். மணி போல நீண்டு ஒலித்தால், கையில் கனமாகவும் இருந்தால், ஈயம் கலந்த கண்ணாடியாக இருக்கலாம். 1674ல் ஜோர்ஜ் ரேவன்ஸ்க்ரொப்ட் என்பவர் இங்கிலாந்தில் இதற்கு உரிமம் பெற்றார். சாதாரணக் கண்ணாடி ‘டக்’ என்று நின்று விடும். கீறல் விழுந்த கிளாசும் அப்படித்தான் ஒலிக்கும், ஆகவே முதலில் கீறல் இருக்கின்றதா என்று பாருங்கள்.

மஞ்சளும் பச்சையும் கலந்த நிறத்தில் கிளாஸ் இருந்தால், தெரிந்த துணிக் கடையில் கள்ள நோட்டுப் பார்க்கும் ஊதா விளக்குக்குக் கீழே வைத்துப் பாருங்கள். பளிச்சென்று பச்சையாக ஒளிர்ந்தால் அதில் யுரேனியம் இருக்கின்றது. 1830களில் பொஹீமியாவில் பிரபலமான வகை அது. அலுமாரியில் வைத்திருப்பதால் பயமில்லை. தினமும் அதில் குடிக்க மட்டும் வேண்டாம்.

ஆறு கிளாஸ், மூன்று வாரிசு

இதெல்லாம் எதற்கு என்று கேட்பீர்கள். சில வருடங்களுக்கு முன் வெலிமடைப் பக்கம் ஒரு வீட்டில் நடந்ததைச் சொல்கின்றேன்.

ஒரு தாய் வபாத்தாகி இத்தா இருக்க வேண்டிய யாரும் இல்லாத வீடு. ஒரு மகன், இரண்டு பெண்மக்கள். பழைய சாமான் வாங்கும் ஒருவர் வந்து ஒரு சுவர் மணிக்கூட்டையும் காலுள்ள ஆறு கிளாஸ்களையும் சேர்த்து ஒரு விலை சொல்லியிருக்கின்றார். “எல்லாம் சாதாரணச் சாமான், வீட்டில் கிடந்தால் உடைந்து போகும்” என்பது அவர் பேச்சு. மகனுக்கு விற்றுப் பிரிப்பது லேசு. மூத்த மகளோ, “இது உம்மாட வாப்பா துரை பங்களா ஏலத்துல எடுத்தது, விக்க ஏலாது” என்கின்றார். இளையவளுக்கும் அதில் ஆசை. பங்கு எப்படி என்று கேட்டு என்னை அழைத்தார்கள்.

பங்கு சொல்வது எளிது. ஜனாஸாச் செலவும் கடனும் வஸிய்யத்தும் போக மிச்சம் நான்கு பங்கு. மகனுக்கு இரண்டு, பெண்மக்களுக்கு ஒவ்வொன்று. ஆனால் பிரிக்கும் பொருளின் பெறுமதி தெரியாமல் பிரித்தால் யாரோ ஒருவருடைய ஹக் மற்றவர் கைக்குப் போய் விடும். ஆகவே கிளாஸ்களை ஜன்னலோரம் கொண்டு வரச் சொன்னேன்.

ஆறும் தூரத்தில் ஒரே மாதிரி. கிட்டப் பார்த்தால் கதை வேறு. இரண்டில் தேய்த்த தொப்புள் குழி, கூரான பூ வெட்டு, தாறுமாறாகத் தேய்ந்த அடி, நீண்ட ஓசை எல்லாம் இருந்தன. மூன்றாவது, அதே பூவில் வார்த்த அச்சுக் கிளாஸ், தண்டில் தையல் கோடு. நாலாவதிலும் ஐந்தாவதிலும் செக்கோஸ்லோவாக்கியா என்ற லேபலின் மிச்சம். ஆறாவது நம் காலத்துக் கடைச் சாமான்.

கொஞ்ச நேரம் ஒருவரும் பேசவில்லை. பிறகு மூத்த மகள் சொன்னார்: “ஒவ்வொரு கிளாஸ் உடைஞ்சா, உம்மா மிச்சத்துல ஒண்ட லேஞ்சில சுத்திக் கொண்டு பதுளைக்கும் பண்டாரவளைக்கும் கடை கடையாப் போவாங்க மௌலவி. வந்தவங்க ஆறு பேருக்கும் ஒரே மாதிரி வைக்கணும் எண்டு சொல்லுவாங்க.” அந்தத் தாய் ஆயுள் முழுதும் விருந்தாளிக்காகக் காப்பாற்றிய ஆறு அது.

வாங்க வந்தவரிடம் அந்த இரண்டை மட்டும் தனியாகக் காட்டினோம். கேட்காமலே விலையை ஏற்றினார்! அவருக்கு முன்பே தெரிந்திருக்கின்றது. வேறு இரண்டு இடத்தில் விலை விசாரித்து, பெண்மக்கள் ஆளுக்கொன்றாக அந்த இரண்டையும் வைத்துக் கொண்டு, அதன் பெறுமதியைத் தங்கள் பங்கில் கழித்துக் கொள்வது என்று மூவரும் பொருந்திக் கொண்டார்கள். மகனும் கடைசியில் ஒன்றைக் கேட்டு வாங்கினார். விலை போகாத அந்த ஆறாவது கிளாஸ். உம்மா கடைசியாக வாங்கியது அதுதானாம்.

விற்கும் முன்

விற்பது தவறில்லை சகோதரிகளே. தேவைக்கு விற்கலாம். ஆனால் ஊருக்கு வரும் வணிகக் கூட்டத்தைச் சந்தை விலை அறியும் முன்பே வழியில் மறித்து வாங்குவதை நபி (ஸல்) அவர்கள் தடுத்தார்கள். சந்தைக்கு வந்து விலை அறிந்த பின் விற்றவருக்கு விருப்பவுரிமை உண்டு என்றும் ஹதீஸில் இருக்கின்றது. வீட்டு வாசலில் வைத்து, ‘இப்போதே தாருங்கள், நாளை வரமாட்டேன்’ என்று அவசரப்படுத்துபவரிடம் இந்த ஒழுங்கை நினைவில் வையுங்கள். ஆண்கள் இல்லாத நேரம் பார்த்து வருபவரிடம் விற்காதீர்கள். இரண்டு மூன்று இடத்தில் விலை கேளுங்கள். தோட்ட லயத்தில் இருக்கும் உங்கள் அயல் வீட்டுச் சகோதரிக்கும் இதைச் சொல்லிக் கொடுங்கள். பங்களாவில் வேலை செய்த அவருடைய பாட்டிக்குக் கிடைத்த சாமான் அவரிடமும் இருக்கும்.

நமக்கும் ஒரு கடமை உண்டு. சில்லு, கீறல், ஒட்டிய கால், தேய்த்த விளிம்பு எதுவாக இருந்தாலும் மறைக்காமல் காட்டி விற்க வேண்டும். தெரியாத வயதைத் தெரிந்தது போலச் சொல்வதும் ஏமாற்றுத்தான். பழம் பொருட்களை நாட்டுக்கு வெளியே கொண்டு போவதை 1988ஆம் ஆண்டின் கலாசார ஆதனச் சட்டம் கட்டுப்படுத்துகின்றது. வெளிநாட்டு உறவினருக்குக் கொடுத்தனுப்பும் முன் தொல்பொருள் திணைக்களத்தில் விசாரித்துக் கொள்ளுங்கள்.

இதில் குடிக்கலாமா?

பெண்கள் தயங்கித் தயங்கிக் கேட்பது இது. ‘மௌலவி, இது சாராயக் கிளாசாமே, வீசி விடவா?’

பங்களாவிலிருந்து வந்த காலுள்ள கிளாஸ்களில் பல அதற்காகவே செய்யப்பட்டவைதான். ஒரு காலத்தில் சில பாத்திரங்களைத் தடுத்த நபி (ஸல்) அவர்கள், பின்னர் அவற்றை அனுமதித்தார்கள் என்றும், பாத்திரம் ஒன்றை ஹலாலாக்குவதும் இல்லை ஹராமாக்குவதும் இல்லை என்ற கருத்தில் சொன்னார்கள் என்றும் ஸஹீஹ் முஸ்லிமில் வருகின்றது. கண்ணாடி எதையும் உறிஞ்சாது. நன்றாகக் கழுவினால் சுத்தம். ஆனால் குடிகாரர் போலக் கிளாசை முட்டிக் கொண்டாடும் பழக்கம் நம் சபையில் வேண்டாம்.

பொன் விளிம்பு பற்றி நம் ஷாஃபிஈ மத்ஹபின் சட்ட நூல்கள் சொல்வது இது: நெருப்பில் காட்டினால் பொன் பிரிந்து சேரும் அளவுக்கு இருந்தால் கூடாது. நிறத்துக்கு மட்டும் பூசிய மெல்லிய பூச்சு என்றால் பயன்படுத்தலாம். கடைக் கிளாஸ்களின் பொன் கோடு பெரும்பாலும் இரண்டாவது வகை.

அதை விடப் பெரிய விஷயம் ஈயம். ஈயக் கண்ணாடியில் எலுமிச்சை, தோடம்பழம் போன்ற புளிப்பான பானம் நெடுநேரம் கிடந்தால் ஈயம் அதில் இறங்கும். பிள்ளைகளுக்கு ஆபத்தில்லாத ஈய அளவு என்று ஒன்று அறியப்படவில்லை என்று உலக சுகாதார நிறுவனமே சொல்கின்றது. ஆகவே மணி போல ஒலிக்கும் பழைய கிளாசில் பிள்ளைகளுக்கும் கர்ப்பிணிகளுக்கும் கொடுக்காதீர்கள். நோன்பு திறக்கும் சர்பத்தை அஸருக்கே கரைத்து அதில் ஊற்றி வைக்காதீர்கள். வாய் படும் இடத்தில் வர்ணம் பூசிய பழைய கிளாஸ்களும் அப்படியே. பூச்சு உரிகின்றது என்றால் அலுமாரியோடு நிற்கட்டும். கொதிநீர் ஊற்றுவதும், சுடுநீரில் கழுவி உடனே பச்சைத் தண்ணீரில் போடுவதும் பழைய கண்ணாடிக்கு ஆகாது. இளஞ்சூட்டுத் தண்ணீர், ஒரு பிளாஸ்டிக் பேசினுக்குள் பழைய துவாய், ஒரு நேரத்தில் ஒரு கிளாஸ். இதுதான் வாப்பா கற்றுத் தந்த முறை.

ஒரு துண்டுக் காகிதம்

நபி (ஸல்) அவர்களின் குவளை ஒன்று அனஸ் (ரலி) அவர்களிடம் இருந்தது. அது மரத்தால் ஆனது. வெடித்த இடத்தை வெள்ளியால் இணைத்திருந்தார்கள். அதில் இருந்த இரும்பு வளையத்தை மாற்றிப் பொன்னிலோ வெள்ளியிலோ போட அனஸ் நினைத்த போது, நபியவர்கள் வைத்ததை மாற்ற வேண்டாம் என்று அபூதல்ஹா (ரலி) தடுத்து விட்டதாக ஸஹீஹுல் புகாரி அறிவிக்கின்றது. பழைய பொருளை எப்படி வைத்திருப்பது என்பதற்கு இதை விட நல்ல பாடம் எனக்குத் தெரியவில்லை. உடைந்ததைப் பேணலாம். இருந்ததை அழகுபடுத்துகிறோம் என்று சிதைக்க வேண்டாம். மங்கிய கிளாசைப் பட்டறையில் கொடுத்துத் தீட்டினால் அதன் வயதைச் சொல்லும் கீறல்களும் போய்விடும்.

இந்த இதழை மூடி வைத்த பின் ஒரு வேலை செய்யுங்கள் சகோதரிகளே. உங்கள் உம்மாவோ மாமியோ ஹயாத்தோடு இருக்கும் போதே, அலுமாரியில் உள்ள கிளாஸ்கள் யார் கையிலிருந்து, எந்த ஊரிலிருந்து, ஏறக்குறைய எந்த வருடம் வந்தன என்று கேளுங்கள். ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதி, மடித்து, அந்தக் கிளாசுக்குள்ளேயே போட்டு வையுங்கள். சொன்னவர் பெயரையும் எழுதிய நாளையும் மறக்காமல் சேருங்கள். தெரியாததைத் தெரியாது என்றே எழுதுங்கள். நாளை உங்கள் பேத்தி அதைக் கவிழ்த்துப் பார்த்து அடியில் உள்ள வடுவைத் தடவும் போது, தொடர் அறுந்த கதை அவளுக்கு மிஞ்சக் கூடாது. அல்லாஹ் நம் வீடுகளில் பரக்கத் செய்வானாக. ஆமீன்.